சுயாதீனப் பாடகரின் தொழில்வாழ்வும் பாடல் உரிமையும்: பிரியா ரகுவின் சோல் இசையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்தமிழ் வழிவந்த பாடகரும் பாடலாசிரியருமான பிரியா ரகுவின் தொழில்வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல், இசை, குரல், பதிவு ஆகிய நான்கும் யாரிடம் உள்ளன என்னும் வினாவைக் கொண்டே சுயாதீனம் என்னும் கருத்தை விளக்க வேண்டும் என்பது இதன் கருதுகோள். சோல் இசையின் வரலாறு, தமிழ்ப் பாடல் மரபில் பாடுநருக்கும் பாடலாசிரியருக்கும் இடையிலான உறவு, ஊதியப் பணிக்கும் கலைப்பணிக்கும் உள்ள தொடர்பு, பதிப்புரிமைச் சட்டம் ஆகியன இதற்குத் துணையாகக் கொள்ளப்பட்டுள்ளன. இத்தகைய பாடல்களைத் தமிழாய்வு ஆவணப்படுத்த வேண்டியதன் தேவை நிறைவாகச் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்

சுயாதீன இசை, சோல் இசை, பிரியா ரகு, புலம்பெயர் தமிழர், பாடலாசிரியர் உரிமை, ஆவணப்படுத்தல்.

முன்னுரை

தமிழில் பாடல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று களங்களில் நிகழ்ந்துள்ளன. ஒன்று, சங்கப் பாடல் முதல் பக்திப் பாடல் வரையிலான இலக்கியக் களம்; மற்றொன்று, நாட்டுப்புறப் பாடல்; மூன்றாவது, திரைப்பாடல். இம்மூன்றிலும் அடங்காத ஒரு வகை கடந்த இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. தாமே எழுதி, தாமே பாடி, திரைப்படத்தின் துணையின்றி வெளியிடும் கலைஞர்களின் பாடல்களே அவை. இவற்றைச் சுயாதீன இசை என வழங்குகின்றனர்.

இவ்வகையினரைக் குறித்து எழுதுவோர் ‘நிறுவனம் சாராதவர்’ என்னும் எதிர்மறை விளக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். எதைச் சாராதிருக்கிறார் என்று கூறுவதால் எதைச் சார்ந்து வாழ்கிறார் என்பது விளங்குவதில்லை. ஒரு கலைஞரின் தொழில்வாழ்வைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். அதற்குப் பிரியா ரகுவின் வாழ்வு பொருத்தமான சான்றாகிறது. இவர் முதலில் நிறுவன ஆதரவின்றிப் பாடல்களை வெளியிட்டு, பின்னர் பெருநிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டவர். ஆகவே இரு நிலைகளையும் ஒரே வாழ்வில் ஒப்பிட இயலுகிறது.

சோல் இசை: தோற்றமும் தன்மையும்

‘சோல்’ என்பது ஆன்மா எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். 1950களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலய இசையான காஸ்பெல், உலகியல் சார்ந்த ரிதம் அண்டு ப்ளூஸ் இசையோடு கலந்தபோது இவ்வகை உருவாயிற்று. ரே சார்லஸ், சாம் குக், அரீத்தா ஃபிராங்க்ளின் ஆகியோர் இதன் முன்னோடிகள். 1959இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கப்பட்ட மோட்டவுன் நிறுவனமும், மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனமும் இவ்விசையை உலகெங்கும் கொண்டுசென்றன.

இதன் இசையியல்புகள் மூன்று. முதலாவது, முன்னவர் பாட மற்றவர் விடையிறுக்கும் அமைப்பு. இரண்டாவது, ஓரசையைப் பல சுரங்களின் வழியே நீட்டிப் பாடும் முறை. மூன்றாவது, பாடுபவர் தம் சொந்த அனுபவத்தைக் கூறுகிறார் என்னும் நம்பிக்கையைக் கேட்போரிடம் உண்டாக்கும் குரல்நிலை. இரண்டாவது இயல்பு கருநாடக இசையின் கமகத்தோடு ஒப்பிடப்படுவதுண்டு. ஆயினும் கமகம் இராகத்தின் இலக்கணத்துக்கு உட்பட்டது. ஒரு சுரத்தின் அசைவை அவ்விராகமே வரையறுக்கிறது. சோல் இசையில் அந்நீட்சி பாடுநரின் உணர்வுக்கும் அப்போதைய தேர்வுக்கும் உரியது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது.

உரிமை பற்றிய போராட்டமும் இவ்விசையின் தொடக்கத்திலேயே உள்ளது. ரே சார்லஸ் 1959இல் ஏ.பி.சி.-பாரமவுண்ட் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே தம் மூலப்பதிவுகளின் உரிமையைப் பெற்றார். அக்காலத்தில் இது அரிதாகும். சாம் குக், கூட்டாளிகளோடு சொந்த இசை நிறுவனத்தையும் பாடல் வெளியீட்டு நிறுவனத்தையும் நடத்தினார். இவ்வுரிமை ஏன் இன்றியமையாதது என்பதை ‘ரெஸ்பெக்ட்’ என்னும் பாடல் காட்டும். இதனை எழுதி 1965இல் முதலில் பாடியவர் ஓடிஸ் ரெடிங். 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய வடிவமே உலகப் புகழ் பெற்றது. எனினும் அமெரிக்க வானொலி நிலையங்கள் பாடலை எழுதியவருக்கே உரிமைத்தொகை வழங்கக் கடமைப்பட்டவை. பாடியவருக்கு வழங்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனவே அவ்வானொலி ஒலிபரப்புகளின் வருவாய் அவரை அடையவில்லை. பாடுநர், பாடலாசிரியராகவும் இருப்பது கலைச்சிறப்பு மட்டுமன்று, வாழ்வாதாரச் சிக்கலுமாகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தமிழ்ப் பாடல் மரபில் பாடுநரும் பாடலாசிரியரும்

தாமே இயற்றித் தாமே பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. தேவார மூவர் பாடலாசிரியராகவும் பாடுநராகவும் தலந்தோறும் சென்றவர்கள். திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்தவராகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் போற்றப்படுகிறார். சம்பந்தர் தம் பதிகத்தின் இறுதிப் பாடலாகிய திருக்கடைக்காப்பில் தம் பெயரையும் ஊரையும் பதிவு செய்கிறார். ஆண்டாளும் கோதை என்னும் பெயரையும் வில்லிபுத்தூரையும் தம் பாடல்களின் நிறைவில் அமைத்துள்ளார். கருநாடக இசைப் புலவர்களின் முத்திரை இதன் தொடர்ச்சி எனலாம். இதற்கு மாறாக, அகத்திணை மரபில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. அங்கே ‘நான்’ என்பது கூற்று நிகழ்த்தும் மாந்தரைக் குறிக்குமேயன்றிப் புலவரைக் குறிப்பதில்லை.

1931இல் ‘காளிதாஸ்’ வெளியானது முதல் தமிழ்ப் பாடலின் பெரும்பரப்பைத் திரைப்படம் எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் போன்றோர் நடித்துக்கொண்டே பாடினர். 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் பயன்பட்டது. அடுத்த பதிற்றாண்டுகளில் அம்முறை நிலைபெற்றது. அதன்பின் சொல் ஒருவருடையதாகவும், இசை மற்றொருவருடையதாகவும், குரல் வேறொருவருடையதாகவும், திரையில் தோன்றும் முகம் பிறிதொருவருடையதாகவும் பிரிந்தன. பதிவின் உரிமை தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ சேர்ந்தது. இப்பிரிவினை சிறந்த பாடல்களைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடுபவரின் சொந்த ‘நான்’ அதில் ஒலிப்பதற்கு இடமில்லை. அது கதைமாந்தரின் ‘நான்’ ஆகும். சுயாதீனப் பாடகர் இப்பிரிவினையை நீக்கி, பிரிந்த பணிகளை மீண்டும் தம்மிடம் சேர்க்க முயல்பவர் எனலாம்.

குடும்ப இசைக்குழுவும் முதற்பயிற்சியும்

பிரியா ரகுவின் இயற்பெயர் பிரியா ரகுபதிலிங்கம். இவருடைய பெற்றோர் 1980களில் இலங்கையின் இனப்போர்ச் சூழலிலிருந்து வெளியேறிச் சுவிட்சர்லாந்தில் குடியேறினர். அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள செயின்ட் காலன் நகரில் இவர் வளர்ந்தார். தந்தை வழிநடத்திய குடும்ப இசைக்குழு, தமிழ்ச் சமூக நிகழ்வுகளில் திரைப்பாடல்களை வழங்கியது. அக்குழுவில் இவர் பாடினார். உடன்பிறந்த சகோதரர் விசைப்பலகை வாசித்தார். பின்னாளில் அச்சகோதரரே ஜப்னா கோல்ட் என்னும் புனைபெயரில் இவருடைய இசைத் தயாரிப்பாளரானார். யாழ்ப்பாணத்தின் ஆங்கில வடிவத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது.

வீட்டில் இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் ஆகியோரின் இசை ஒலித்தது. வெளியே லாரின் ஹில் முதலான அமெரிக்க சோல், ரிதம் அண்டு ப்ளூஸ் கலைஞர்களின் இசை இவரை ஈர்த்தது. மேலையிசையில் மகள் ஈடுபடுவதைப் பெற்றோர் தொடக்கத்தில் விரும்பவில்லை. இதனைத் தனிப்பட்ட குடும்ப முரணாக மட்டும் காண்பது போதாது. புலம்பெயர்ந்த முதல் தலைமுறையினருக்கு இசை, மொழியையும் சமூகத்தையும் காக்கும் கருவி. மேடையில் திரைப்பாடல் பாடுவது அக்காப்பின் ஒரு பகுதி. பிள்ளைகளுக்கோ அதே பயிற்சி, வேறோர் இசைக்குள் நுழைவதற்கான ஆயத்தமாக மாறியது. குழுவாக இசைத்தல், கூட்டத்தின் முன் பாடுதல், செவிவழிப் பாடல் கற்றல் ஆகிய திறன்களை அக்குடும்பக் குழுவே அளித்தது. எனவே, எவரையும் சாராமல் தாமே தோன்றியவர் சுயாதீனக் கலைஞர் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை.

இவருக்கு முன்னரும் தமிழ்ப் பின்னணி கொண்ட பெண் கலைஞர்கள் மேலையிசை உலகில் அறியப்பட்டிருந்தனர். இலண்டனில் பிறந்த சுசீலா ராமன் 2001இல் வெளியிட்ட ‘சால்ட் ரெய்ன்’, கருநாடக இசைக் கீர்த்தனைகளைப் புதிய இசையமைப்பில் வழங்கி, பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது. எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம் 2005இல் தந்தையின் புனைபெயராகிய ‘அருளர்’ என்பதையே தம் முதல் ஆல்பத்துக்குத் தலைப்பாக்கினார். முன்னவர் மரபுப் பாடலைப் புதுப்பித்தார். பின்னவர் அரசியல் முழக்கத்தை நடனவிசையோடு இணைத்தார். பிரியா ரகுவின் தெரிவு இவ்விரண்டிலும் வேறுபட்டது. குடும்பம், வீடு, காதல், தன்மதிப்பு ஆகியவற்றைத் தன்கூற்றாகப் பாடும் சோல் வடிவத்தை அவர் மேற்கொண்டார்.

ஊதியப் பணியும் கலைப்பணியும்

பிரியா ரகு முழுநேர இசைக்கலைஞராவதற்கு முன் விமான நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பக் கொள்முதல் பிரிவில் பணியாற்றினார். 2017இல் நியூயார்க் நகருக்குச் சென்று சில மாதங்கள் பாடல் எழுதுவதில் ஈடுபட்டார். சகோதரர் சுவிட்சர்லாந்திலிருந்து இணையத் தொடர்பின் வழியே இசையமைப்பில் பங்கேற்றார். ‘லீஃப் ஹை’, ‘லைட்ஹவுஸ்’ முதலிய தொடக்ககாலப் பாடல்கள் இப்பணிமுறையின் விளைவுகள். தமிழ்த் தாள அமைப்பையும் சோல் இசையையும் இணைக்கும் தம் பாணிக்கு, குடும்பப் பெயரின் அடியாக ‘ரகுவேவி’ என இருவரும் பெயரிட்டனர்.

இங்கு நோக்கத்தக்கது பொருளாதார அமைப்பு. சுயாதீன நிலையில் பாடல் உருவாக்கத்துக்கு முதலீடு தேவை; அம்முதலீடு ஊதியத்திலிருந்து வந்தது. ஒலிப்பதிவுக்கூடம், இசைக்கோப்பு ஆகியவற்றுக்கு ஆகும் பெருஞ்செலவு, சகோதரரின் உழைப்பால் குறைந்தது. அதாவது, இசை நிறுவனம் வழங்கும் முன்பணத்தின் இடத்தில் வேறொரு நிறுவனத்தின் மாத ஊதியமும், குடும்பத்தின் கூலி பெறாத உழைப்பும் நின்றன.

சோல் இசை வரலாற்றில் இதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. மோட்டவுன் நிறுவனர் பெரி கோர்டி, டெட்ராய்டின் கார்த் தொழிற்சாலையில் பணியாற்றியவர். பில் விதர்ஸ், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியபின் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்தார். 1971இல் வெளியான ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்னும் முதல் ஆல்பத்தின் அட்டைப் படத்தில் அவர் உணவுப்பெட்டியோடு தொழிற்சாலையில் நிற்கிறார். இசைத்துறை நிலையற்றது எனக் கருதியதால் பாடல் வெளிவந்த பின்னும் உடனே அவ்வேலையைக் கைவிடவில்லை. ஷரோன் ஜோன்ஸ் என்னும் பாடகர் நியூயார்க்கில் சிறைக்காவலராகவும் பணியாற்றியவர். புரூக்ளினைச் சேர்ந்த டாப்டோன் என்னும் சுயாதீன நிறுவனத்தின் வழியே அவருடைய முதல் ஆல்பம் 2002இல் வெளிவந்தபோது அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார்.

இவ்வாழ்வுகளை ஒப்பிடுகையில் ஒரு பொதுக்கூறு புலனாகிறது. ஊதியப் பணி கலைக்குத் தடை என்பதே வழக்கமான கருத்து. இவர்களுக்கு அது தடையாகவும் அரணாகவும் ஒருங்கே அமைந்தது. நேரத்தை அது எடுத்துக்கொண்டது. ஆனால் முதலில் கிடைத்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயத்திலிருந்து காத்தது. பாணி முதிர்வதற்குரிய ஆண்டுகளை அதுவே பெற்றுத் தந்தது.

நிறுவன ஒப்பந்தமும் பின்னைய ஆக்கங்களும்

2020இல் வெளியான ‘குட் லவ் 2.0’ பிரியா ரகுவின் தொழில்வாழ்வில் திருப்பமாயிற்று. ‘ஃபிஃபா 21’ என்னும் கணினிக் கால்பந்து விளையாட்டின் பாடல் தொகுப்பில் அது இடம்பெற்றது. திரைப்படத்தை நம்பியிராத ஒரு பாடல், வானொலியோடு விளையாட்டு மென்பொருள் வழியாகவும் கேட்போரை அடையும் புதிய வழக்காற்றுக்கு இது சான்று. தொடர்ந்து வார்னர் மியூசிக் குழுமத்தின் ஐக்கிய இராச்சியப் பிரிவு இவரை ஒப்பந்தம் செய்தது. 2021 செப்டம்பரில் ‘டேம்ஷீஸ்தமில்’ என்னும் மிக்ஸ்டேப்பும், 2023 அக்டோபரில் ‘சந்தோசம்’ என்னும் முதல் ஆல்பமும் வெளிவந்தன.

ஒப்பந்தத்துக்குப்பின் இவரைச் சுயாதீனக் கலைஞர் எனலாமா என்னும் வினா எழுகிறது. நான்கு கூறுகளைத் தனித்தனியே நோக்கினால் விடை தெளிவாகும். சொல் இவருடையது, இசையாக்கம் சகோதரரோடு பகிரப்பட்டது, குரல் இவருடையது, பதிவும் பரவலாக்கமும் மட்டும் நிறுவனத்தின் துணையைப் பெற்றன. அதாவது, ஒரு கூறு கைமாறியதேயன்றி, பாடலை உருவாக்கும் அமைப்பு மாறவில்லை. நிறுவனம் ஒரு பாணியை உருவாக்கவில்லை. முன்பே முதிர்ந்திருந்த பாணியைத் தேடி வந்தது. ஆகவே சுயாதீனம் என்பதை ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் இருமையாகக் கொள்ளாமல், கூறுதோறும் அளந்தறியும் நிலையாகக் கொள்வதே பொருத்தமானது.

பாடல்களில் தமிழ் இடம்பெறும் முறை

பிரியா ரகுவின் பாடல்களில் ஆங்கிலமே முதன்மை மொழி. தமிழ், தலைப்புகளிலும் ஆங்கில வரிகளுக்கு இடையே வரும் தொடர்களிலும் தாள அமைப்பிலும் இடம்பெறுகிறது. இவ்வளவு குறைவாகத் தமிழ் உள்ள பாடலைத் தமிழாய்வு ஏன் நோக்க வேண்டும் என வினவலாம். அத்தமிழின் அளவைக் காட்டிலும் அது நிற்கும் இடத்தையே நோக்க வேண்டும்.

‘டேம்ஷீஸ்தமில்’ என்பது ‘அட, இவள் தமிழ்ப்பெண்!’ எனப் பொருள்படும் ஆங்கில வியப்புத் தொடரை இடைவெளியின்றி ஒரே சொல்லாக்கிய தலைப்பு. இதில் பாடுநர் தம்மைத் தன்மையில் அன்றிப் படர்க்கையில் சுட்டுகிறார். திருக்கடைக்காப்பிலும் சம்பந்தர் தம்மைப் படர்க்கையிலேயே குறிப்பிடுகிறார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிலும் பெயரும் சார்பும் பாடலின் மீது பொறிக்கப்படுகின்றன. ஆயினும் நோக்கம் வேறு. பதிகத்தில் அப்பெயர் ஓதுவோர்க்குப் பயன் கூறுவதற்கு உறுதியளிக்கிறது. இங்கே பிறர் தம்மை நோக்கிய பார்வையைப் பாடுநர் வாங்கிக்கொண்டு, அதையே பெருமிதமாக மாற்றுகிறார். ஐரோப்பிய நகரில் பெயரைச் சுருக்கி, அடையாளத்தை மறைத்து வாழ நேரும் சூழலில் இத்தலைப்பு ஓர் அறிவிப்பாகிறது.

‘சந்தோசம்’ என்னும் தலைப்பும் கருதத்தக்கது. மகிழ்ச்சி என்னும் தனித்தமிழ்ச் சொல்லையோ ‘சந்தோஷம்’ என்னும் கிரந்த வடிவையோ நினைவூட்டாமல், வீட்டுப் பேச்சில் ஒலிக்கும் வடிவையே உரோமன் எழுத்துகள் பதிவு செய்துள்ளன. அதே ஆல்பத்தின் ‘ஆடலாம் வா’ என்னும் தலைப்பு, ஏவலும் அழைப்புமாய் அமைந்த அன்றாடத் தொடர். 2021இல் வெளிவந்த ‘சிக்கன் லெமன் ரைஸ்’ வீட்டுச் சமையலின் நினைவைத் தலைப்பாக்குகிறது. ‘கமலி’ என்னும் பாடல், மாமல்லபுரத்தில் சறுக்குப்பலகை விளையாடும் சிறுமியையும் அவளைத் தனித்து வளர்க்கும் தாயையும் பற்றிச் சாஷா ரெயின்போ இயக்கிய அதே பெயருள்ள ஆவணப்படத்தின் தூண்டுதலால் எழுந்தது. அப்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இவற்றை ஒருங்கு நோக்கினால், இவர் கையாளும் தமிழ் எழுத்துமொழியின் தமிழன்று, வீட்டின் தமிழ் என்பது தெளிவாகும். பள்ளிவழியாக அன்றிச் செவிவழியாகவே பெரிதும் கடத்தப்படும் மொழி, பாடலில் எந்த வடிவில் எஞ்சுகிறது என்பதை ஆராய்வோர்க்கு இத்தரவுகள் பயன்படும்.

உரிமையும் வருவாயும்

ஒரு பாடலில் இருவகைச் சொத்துரிமைகள் உள்ளன. ஒன்று, சொல்லும் இசையுமாகிய படைப்பின் மீதான உரிமை. மற்றொன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவின் மீதான உரிமை. சுவிட்சர்லாந்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமைத்தொகையைச் சூயிசா என்னும் கூட்டுறவுச் சங்கம் 1923 முதல் நிர்வகித்து வருகிறது. தாமே எழுதிப் பாடுபவர், ஒலிப்பதிவு உரிமையை நிறுவனத்திடம் வழங்கினாலும், படைப்புரிமையின் வழியே தமக்குரிய பங்கைப் பெற இயலும்.

இந்தியாவில் நிலைமை நெடுங்காலம் வேறாக இருந்தது. திரைப்படத்துக்காக ஊதியம் பெற்று எழுதப்பட்ட பாடலின் உரிமை தயாரிப்பாளரைச் சாரும் என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம் இதனை மாற்றியது. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாடலின் சொல்லாசிரியரும் இசையாசிரியரும், திரையரங்கக் காட்சி நீங்கலான பிற பயன்பாடுகளுக்குரிய உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது என அத்திருத்தம் வகுத்தது. பாடுநர்க்கும் நிகழ்த்துநர் என்னும் நிலையில் உரிமைத்தொகை பெறும் வழி ஏற்பட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்க்கென ஐ.பி.ஆர்.எஸ். என்னும் அமைப்பு 1969 முதல் இயங்குகிறது; பாடகர்க்கென இஸ்ரா என்னும் அமைப்பு 2013இல் தோன்றியது.

சட்டம் இருப்பினும் பங்கு தெளிவாகப் பதிவு செய்யப்படாவிடில் சிக்கல் எழும். 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் பரவிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ இதற்குத் தமிழகச் சான்று. தீ, அறிவு ஆகியோர் பாடிய இதற்குச் சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பாளர். ஆக்கத்தில் எவர்க்கு எப்பங்கு என்பது குறித்து 2022இல் பொதுவெளியில் கருத்து வேறுபாடு எழுந்தது. பாடலின் வருவாய் தம்மை வந்தடையவில்லை என 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாக அறிவித்தார். திரைப்படம் சாராத பாடல் என்பதாலேயே உரிமைச் சிக்கலிலிருந்து விடுதலை கிட்டிவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது. உடன்பிறந்தார் இருவர் மட்டும் பங்கேற்ற பிரியா ரகுவின் தொடக்கநிலை அமைப்பு எளியது. பலர் கூடும் ஆக்கத்தில் எழுத்துவடிவிலான உடன்பாடு இன்றியமையாதது.

ஆவணப்படுத்தலும் ஆய்வும்

இப்பாடல்களைத் தேடும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்ளும் தடை எழுத்துமுறை. இசைச் செயலிகளில் இத்தலைப்புகள் உரோமன் எழுத்தில் பதியப்பட்டுள்ளன. உயிர்நெடிலும் குறிலும் அங்கு வேறுபடுத்தப்படுவதில்லை. லகர, ளகர, ழகர வேறுபாடும் இல்லை. ‘ஆடலாம்’ என்னும் சொல்லின் முதலெழுத்தும் அதன் இடையிலுள்ள ‘லா’வும் ஒரே உரோமன் உயிரெழுத்தால் குறிக்கப்படுகின்றன. தமிழ் எழுத்தில் தேடுவோர்க்கு இப்பாடல் எளிதில் கிட்டாது. ஒலிப்பதிவுகளுக்கு உலகளவில் வழங்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 இடக் குறியீடு, பதிவு செய்த நிறுவனத்தையும் ஆண்டையும் வரிசை எண்ணையும் சுட்டுகிறது; பாடலின் மொழியைச் சுட்டுவதில்லை. எனவே தமிழ் கலந்த பாடல்களைத் தமிழ் என்னும் தலைப்பின்கீழ்த் தொகுக்கும் பணியை எந்த இயந்திரப் பட்டியலும் தானாகச் செய்யாது. அதனைத் தமிழாய்வாளரே செய்தல் வேண்டும்.

இத்தேவை அயலகத்துக்கு மட்டும் உரியதன்று. சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடியின் பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலைகளும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்துள்ளன. அவற்றை அடுத்த பருத்திப்பட்டு, பூந்தமல்லி முதலிய பகுதிகளில் பகலில் ஊதியப் பணியும் மாலையில் மெல்லிசைக் குழு, தேவாலயப் பாடற்குழு, கானா மேடை ஆகியவற்றில் பாட்டுமாக வாழ்வோர் உள்ளனர். இவர்களுள் சொந்தமாகப் பாடல் இயற்றுவோரின் ஆக்கங்கள், கைப்பேசிப் பதிவாகவே தங்கிவிடுகின்றன. 2018இல் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாப் பாடகர்களை ராப், ராக் கலைஞர்களோடு இணைத்தபின்னரே அத்தகைய குரல்கள் சில பரந்த கவனத்தைப் பெற்றன.

இக்கலைஞர்களைக் களஆய்வு செய்வோர் ஐந்து செய்திகளையேனும் பதிவு செய்தல் நலம். பாடலின் சொல்லாசிரியர் யார், இசையாசிரியர் யார், ஒலிப்பதிவுக்குச் செலவு செய்தவர் யார், பதிவு எங்கு, எந்த எழுத்தில் வெளியிடப்பட்டது, அக்காலத்தில் கலைஞரின் வாழ்வாதாரம் எது என்பனவே அவை. முதல் நான்கும் உரிமையைத் தெளிவுபடுத்தும். ஐந்தாவது, பொதுவாக ஆய்வேடுகளில் விடுபடுவது. சுயாதீனத்தின் உண்மையான விலையை அதுவே காட்டும்.

முடிவுரை

பிரியா ரகுவின் தொழில்வாழ்வை ஆராய்ந்ததன்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

சுயாதீனம் என்பது எவரையும் சாராதிருத்தல் அன்று. குடும்ப இசைக்குழு தந்த பயிற்சி, ஊதியப் பணி தந்த பொருள், சகோதரரின் உழைப்பு ஆகிய சார்புகளே இவருடைய சுயாதீனக் காலத்தைத் தாங்கின. சொல், இசை, குரல், பதிவு ஆகிய நான்கையும் தனித்தனியே நோக்கினால் ஒரு கலைஞரின் உரிமைநிலையைத் துல்லியமாக அறியலாம்.

தாமே இயற்றிப் பாடித் தம் பெயரைப் பொறிக்கும் மரபு தமிழில் தொன்மையானது. திரைப்பாடலின் பணிப்பிரிவினையால் அது பின்தள்ளப்பட்டது. சோல் இசையை மேற்கொண்ட புலம்பெயர் கலைஞர் ஒருவர், வேறு வழியில் வந்து அதே ஒருமையை அடைந்துள்ளார்.

பாடலில் தமிழின் அளவு குறைவாயினும், தலைப்பிலும் அழைப்பிலும் அது பெறும் இடம் அடையாளத்தை நிறுவுகிறது. அது பேச்சுத்தமிழாகவும் உரோமன் எழுத்திலும் இருப்பதால் நம் நூலகப் பட்டியல்களுக்கும் ஆய்வுகளுக்கும் புறத்தே நிற்கிறது. இன்று பாடப்படுபவற்றை இன்றே பதிவு செய்யாவிடில், இப்பாடல்களில் தமிழ் இருந்தது என்பதையே பின்வருவோர் அறிய இயலாமற் போகும்.